சிபில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்று ரூ.18,500 பிடுங்கிக்கொண்டார்கள்

கிருஷ்ணகிரியில் 'சிபில் ஸ்கோர் சரிசெய்து தரப்படும்' என்ற பலகையைப் பார்த்து மாடிப்படி ஏறப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஏறுங்கள். சிபில் என்பது நம் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் நிறுவனம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கு அது போடும் மதிப்பெண்தான் ஸ்கோர். நேற்றுத்தான் உண்மை தெரிந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நான் காவேரிப்பட்டணம். மாங்காய் சீசனுக்கு முன் ஒரு சின்ன லோடு வண்டி எடுக்கலாம் என்று வங்கிக்குப் போனேன். மேலாளர் என் கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார். 2020 ஊரடங்கில் தவணை நின்றுபோன ஃபிரிட்ஜ் கடன், பாக்கி ரூ.9,400. கடன் கொடுத்த நிதி நிறுவனம் அதை ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்றிருக்கிறது. அறிக்கையில் அந்தப் புதுப் பெயரில் நிற்கிறது. ஸ்கோர் 584.

அங்கிருந்து நேராக அந்த மாடி அலுவலகத்துக்குப் போனேன். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவன், சாமி படத்துக்குக் கீழே கம்ப்யூட்டர். எந்த ஊர் என்று கேட்டான். "எங்கள் அம்மா வீடும் காவேரிப்பட்டணம்தான் அண்ணா" என்றான். டீ வந்தது. முன்பணம் எவ்வளவு என்று நானே கேட்டபோது, "பணம் எங்கே போகப்போகிறது, முதலில் உங்கள் பிரச்சினையைப் பார்ப்போம்" என்றான். பணத்தைப் பற்றிப் பேசாதவனைத்தானே நாம் நம்புவோம்? என் செல்போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கி அறிக்கையைத் திறந்தான். திரையை என் பக்கம் திருப்பி, சிவப்பாக இருந்த அந்தக் கணக்கின்மீது பேனாவை வைத்து, "இது நாற்பத்தைந்து நாளில் இருக்காது" என்றான். மறுநாள் ரூ.18,500 அனுப்பினேன், அவனுடைய சொந்த எண்ணுக்கு. ரசீது என்று வெள்ளைத்தாளில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

அதற்குப் பிறகு ஒரே சாக்குதான். சர்வர் அப்டேட் ஆகிறது. மும்பையிலிருந்து வர வேண்டும். ஒருமுறை, "நீங்கள் நடுவில் ஸ்கோர் பார்த்தீர்களா? அதனால்தான் இறங்கிவிட்டது" என்று என் தலையிலேயே பழியைப் போட்டான். பச்சைப் பொய். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. பிறகு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண், "சார் ஓசூர் போயிருக்கிறார்" என்பதை மட்டும் சொல்லப் பழகிக்கொண்டது.

நேற்று மேலாளர் அறிக்கையை மறுபடி எடுத்துக் காட்டினார். அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. ரூ.18,500க்கு அவன் செய்த வேலை என்ன தெரியுமா? 'இந்தக் கடன் என்னுடையது இல்லை' என்று இணையத்தில் என் பெயரில் ஆட்சேபம் பதிந்திருக்கிறான். அதற்குக் கட்டணமே கிடையாது, யார் வேண்டுமானாலும் பதியலாம். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. கடன் உண்மை, ஆட்சேபம் தள்ளுபடி. தள்ளுபடி ஆன மின்னஞ்சல் எனக்கு வரவில்லை, ஏனென்றால் என் சிபில் இணையக் கணக்கில் அவன் தன் மின்னஞ்சலைப் போட்டு வைத்திருக்கிறான்! போதாக்குறைக்கு வசூல் ஆட்கள் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறார்கள். காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ரசீதின் பின்பக்கம் பாருங்கள்" என்றான். திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். ரூ.9,400 பாக்கியை நேரடியாகக் கட்டியிருந்தால்கூட ரூ.9,100 கையில் மிச்சம்.

விவரமாக எழுத நினைத்தேன், ஓடவில்லை. இவ்வளவுதான்: ஓடிபி கொடுக்காதீர்கள். முழு அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசம். கடன் இப்போது யாரிடம் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் பணம் கட்டுங்கள், கட்டுமுன் கடிதம் வாங்குங்கள். தள்ளுபடி பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்ட்' என்று விழும், வங்கிகள் அதையும் முகம் சுளித்தே பார்க்கும். முழுதாகக் கட்டி 'க்ளோஸ்ட்' என்று வரவழையுங்கள். உண்மையிலேயே தவறான பதிவு என்றால் ஆட்சேபத்தை 30 நாளில் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. இது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குச் சொல்லிவிட்டேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே மாடியில் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் ரசீதைக் கிழித்துவிடாதீர்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.