உம்மாவின் போனில் வந்த விரிசல்

வெளிநாட்டிலிருந்து வரும்போது போன் வாங்கிக்கொண்டு வருவது கீழக்கரையில் பழைய பழக்கம். இந்தத் தடவை துபாயிலிருந்து வெறுங்கையோடுதான் வந்தேன். பல கம்பெனிகளின் வாரன்டி வாங்கிய நாட்டோடு சரி. அதனால் உம்மாவுக்கு ராமநாதபுரத்திலேயே ஒரு போன் வாங்கி, பில்லையும் உம்மா பெயரிலேயே போடச் சொன்னேன். அந்த பில்லில், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் இருந்தது.

ஊருக்கு வந்து வாங்கிய போன், நான் திரும்பிப் போவதற்குள்ளேயே கைவரிசையைக் காட்டிவிட்டது. காலையில் சார்ஜரிலிருந்து எடுத்த உம்மா, "வாப்பா, இதுல முடி ஒட்டியிருக்கு, துடைச்சாலும் போக மாட்டேங்குது" என்றார். பார்த்தால் விரிசல். சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, லேசாக வளைந்து பாதித் திரை வரை போயிருந்தது. கோட்டை ஒட்டி ஒரு கறுப்புத் திட்டு. நகத்தால் வருடினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. மேல் கண்ணாடி முழுசாக இருக்க, உள்ளே இருக்கும் டிஸ்ப்ளேயில் மட்டும் விரிசல் விட்டிருக்கிறது. கவர் போட்ட போன், ஓரத்தில் எங்கும் நசுங்கல் இல்லை. கீழே விழவில்லை என்று உம்மா அடித்துச் சொன்னார்.

திருப்புல்லாணி வழியாக பஸ் பிடித்து ராமநாதபுரம் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த தம்பி போனை ஆன் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் சிம் தட்டை உருவி உள்ளே டார்ச் அடித்தார். தண்ணீர் பட்டால் சிவக்கிற சின்ன ஒட்டுத்தாள் ஒன்று அங்கே இருக்கும். "கடக்கரை ஊர்ல இருந்து வர்ற போன்ல இதத்தான் சார் முதல்ல பாப்போம்." அது வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் லென்ஸ் வைத்து நாலு ஓரத்தையும் பார்த்தார். எல்லாம் பார்த்துவிட்டு, "கிராக்னாலே பிசிக்கல் டேமேஜ்தான் சார், வாரன்டி வராது" என்றார். டிஸ்ப்ளே மாற்ற அவர் சொன்ன தொகை போன் விலையில் பாதியைத் தொட்டது.

"சரி தம்பி, அடிபட்ட இடம் எதுன்னு காட்டுங்க" என்றேன். கீழே விழுந்து உடைந்தால் பெரும்பாலும் அடிபட்ட புள்ளி ஒன்று தெரியும், விரிசல்கள் அங்கிருந்துதான் பிரியும். மறுபடி பார்த்துவிட்டு, "புள்ளி எதுவும் இல்ல சார். ஆனா முடிவு எங்க கையில இல்ல, படம் எடுத்து மேல அனுப்புவோம்" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மேலே உட்கார்ந்து அழுத்தினாலும் வெளியே தடயமில்லாமல் உள்ளே விரிசல் விடலாம். அதனால் புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்து ஜெயித்துவிட முடியாது.

போனை ரிப்பேருக்கு எடுத்துக்கொள்ளும்போது அதன் நிலையை எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் 'டிஸ்ப்ளே உடைந்துள்ளது' என்று மட்டும் இருந்தது. இப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெளிக் கண்ணாடியில் உடைசல் இல்லை, ஓரத்தில் நசுங்கல் இல்லை, விரிசல் உள்ளே என்று எழுதச் சொன்னேன். தம்பி தயங்கினார், கவுன்டரில் இருந்த அக்காதான் மறுபேச்சில்லாமல் டைப் பண்ணித் தந்தார். போனைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன், உம்மாவின் வாட்ஸ்அப்பை பேக்கப் எடுத்துவிட்டு போனை ரீசெட் செய்தேன். மாற்றுப் போன் தருவார்களா என்று கேட்டதற்கு ஒரு சிரிப்புதான் பதில்.

மேலே இருந்து 'வாரன்டி இல்லை' என்றே வந்தது. ஜாப் ஷீட்டையும் படங்களையும் இணைத்து, மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டுக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதிந்தேன், தமிழிலேயே பேசலாம். 2019-ஆம் வருட நுகர்வோர் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில்லை உம்மா பெயரில் போட்டது இதற்காகவும்தான். அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. 'இந்த ஒரு முறை மட்டும், சலுகையாக' டிஸ்ப்ளேயை இலவசமாக மாற்றித் தருவதாகப் பதில் வந்தது. தயாரிப்புக் கோளாறு என்று மட்டும் கடைசி வரை எழுதவில்லை.

இதில் நான் நினைத்தே பார்க்காத ஒன்றை அந்த கவுன்டர் அக்கா முதல் நாளே கேட்டிருந்தார். "சார், போன் வர்றதுக்குள்ள நீங்க கிளம்பிருவீங்களா? டெலிவரிக்கு ஓடிபி வரும், ஊர்ல இருக்கவங்க நம்பர் குடுங்க." என் லாத்தா (அக்கா) மகனின் நம்பரைக் கொடுத்தேன். போன் வந்தபோது நான் துபாயில் இருந்தேன், அவன்தான் ஓடிபி சொல்லி வாங்கினான். மாற்றிய டிஸ்ப்ளேக்கு எதுவரை வாரன்டி என்பதையும் பேப்பரில் எழுதி வாங்கச் சொல்லியிருந்தேன், வாங்கிவிட்டான்.