மெயின் போர்டில் எஸ்.பி.டி.: தடுப்பது எது, தடுக்காதது எது

தென்காசிப் பக்கம் சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் மலையோரம் இருட்டிக்கொண்டு வந்தால், என் மாமியார் வீடு முழுக்க நடந்து பிளக்குகளைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். அதைவிட நல்ல பாதுகாப்பு எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆனால் வீடு பூட்டியிருக்கும்போதும் இடி இடிக்குமே! ஃப்ரிட்ஜின் போர்டு எரிந்து மெக்கானிக் 6,500 ரூபாய்க்கு பில் நீட்டிய பிறகு, மெயின் போர்டிலேயே எஸ்.பி.டி. பொருத்திவிட்டோம். மின்னல் சமயத்தில் கம்பி வழியாகத் திடீரென்று பாய்ந்து வரும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் தள்ளிவிடும் கருவி அது. சர்ஜ் அரெஸ்டர் என்று கேட்டாலும் கடையில் எடுத்துத் தருவார்கள். வாரண்டி என்ன ஆயிற்று என்கிறீர்களா? மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் பழுது இதில் சேராது என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நாங்கள் வாங்கியது மெயின் போர்டில் பொருத்தும் டைப் 2 வகை, சிங்கிள் ஃபேஸுக்கானது. விலை 2,800 ரூபாய். எம்.சி.பி. (ட்ரிப் ஆகும் சுவிட்ச்) அகலத்தில் இரண்டு கட்டைகள். ஒன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, மற்றது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. முகப்பில் அச்சிட்டிருப்பவற்றில் மூன்று எண்களைப் பார்த்து வாங்கினால் போதும். எங்களுடையதில் 320 வோல்ட் என்பது அது தொடர்ந்து தாங்கும் அளவு. 40 கிலோ ஆம்பியர், ஒரு முறை தாங்கக்கூடிய உச்சம். 1.5 கிலோவோல்ட், அது தன் வேலையைச் செய்த பிறகும் வீட்டுக்குள் வரக்கூடிய மிச்சம். ஆயிரத்து ஐந்நூறு வோல்ட் மிச்சமா என்று பதற வேண்டாம். அது மைக்ரோ விநாடிக் கணக்கில் வந்து போய்விடும். வீட்டுச் சாதனங்கள் பொதுவாக 2.5 கிலோவோல்ட் வரை அப்படிப்பட்ட அடியைத் தாங்கும்படிதான் தயாராகின்றன.

ஃபேஸ் கட்டைக்குள் இருப்பது துத்தநாக ஆக்சைடு வில்லை. மற்ற நேரங்களில் மின்சாரத்தைக் கடத்தாமல் சும்மா கிடக்கும். மின்னழுத்தம் எகிறியதும் நொடியில் வழிவிட்டு, வந்ததை எர்த் பக்கம் தள்ளிவிட்டுப் பழையபடி அடைத்துக்கொள்ளும். எர்த் சரியில்லாத வீட்டில் தள்ளுவதற்கு இடம் ஏது? வயர்மேன் எங்கள் எர்த்தை டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது 22 ஓம் காட்டியது. இந்த எண் குறையக் குறையத்தான் எர்த் நல்லது. குழாயில் இருந்த கிளாம்ப் துருப்பிடித்து, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. “அக்கா, இதை வைத்துக்கொண்டு மேலே எதைப் பொருத்தினாலும் காசுதான் வீண்” என்றார். புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிக் குழாய் இறக்கியதில் 3 ஓமுக்கு வந்தது. கூலியோடு 5,000 ரூபாய் ஆனது. கருவியைவிட எர்த்துக்குத்தான் அதிகச் செலவு, அதுதான் நியாயமும்கூட.

பொருத்துவதில் ஒரு சங்கதி உண்டு. எஸ்.பி.டி.க்குப் போகும் வயர்கள் எல்லாம் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். இடி மின்னோட்டம் பாயும்போது ஒவ்வொரு மீட்டர் வயரும் ஏறத்தாழ ஆயிரம் வோல்ட்டைக் கூட்டிவிடும். அந்தத் தம்பியோ, பின்னால் உதவும் என்று பச்சை எர்த் வயரை நீளமாக விட்டு, சுருட்டிப் பெட்டிக்குள் திணித்து வைத்திருந்தார். “தம்பி, பின்னால் வேண்டுமென்றால் பின்னால் வாங்கிக்கொள்ளலாம், இப்போது வெட்டுங்கள்” என்று நின்று வெட்ட வைத்தேன். முகம் கொஞ்சம் கோணியது, போகட்டும்.

இனி அது தடுக்காதவை. எங்கள் தெருவில் கம்பி தென்னந்தோப்பின் ஓரமாகப் போகிறது. ஒரு காற்றில் மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தது. நியூட்ரல் போனால் தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸும் நிதானம் இழந்து, பளு குறைந்த வீட்டில் 230 வோல்ட் 400ஐ நெருங்கிவிடும். இது மைக்ரோ விநாடிச் சமாசாரம் அல்ல. லைன்மேன் வரும்வரை நீடிக்கும். எஸ்.பி.டி. இதைத் தடுக்காது, அதுவே சூடேறிச் செத்துப்போகலாம். பக்கத்து வீட்டில் டி.வி.யும் மூன்று எல்.இ.டி. பல்புகளும் போயின. நாங்கள் தப்பியதற்குக் காரணம், 1,900 ரூபாய்க்கு வாங்கி முன்பே பொருத்தியிருந்த ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப். 270 வோல்ட்டைத் தாண்டியதும் வீட்டையே துண்டித்துவிட்டு, மின்னழுத்தம் இறங்கும்வரை திரையில் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது, தெருவில் கம்பியும் பழையது என்றால் முதலில் இதை வாங்குங்கள்.

டிஷ் கேபிள் வழியாக வரும் இடியையும் மெயின் போர்டில் உட்கார்ந்திருப்பது பார்க்காது. சென்ற ஐப்பசியில் எங்கள் செட்டாப் பாக்ஸும் டி.வி.யின் எச்.டி.எம்.ஐ. துளையும் அப்படித்தான் போயின. ஸ்டெபிலைசர் இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று சாமான் விற்கிறவர்கள் சொல்வார்கள். அதன் ரிலே அசைவதற்குள் இடி வேலையை முடித்திருக்கும். ஸ்பைக் கார்டு என்ற பெயரில் வருகிறவற்றில் பல, சிவப்பு சுவிட்ச் வைத்த வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகள்தான்.

கட்டையின் முகத்தில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கிறது. பச்சை தெரிந்தால் வேலை செய்கிறது, சிவப்பு என்றால் தேய்ந்து ஓய்ந்துவிட்டது. சிவப்பானாலும் வீட்டில் கரண்ட் வழக்கம்போல இருக்கும், அதனால் போர்டைத் திறந்து பார்க்காத வீட்டில் யாருக்கும் தெரியாது. கட்டையை மட்டும் உருவி மாற்றும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மாற்றுக் கட்டை உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.