ஒரு கட்டைக்கு இறக்கிய கிட்டாருக்கு எந்தக் கம்பி?

எங்கள் பேண்டில் இப்போது எல்லாமே டிராப் சி என்ற தாழ்ந்த சுருதியமைப்பு. நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால், மூன்று கட்டையில் இருக்கவேண்டிய தடிக் கம்பி ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டது. கிட்டாரோடு வந்த 10-46 செட் (மிக மெல்லிய கம்பியும் மிகத் தடித்த கம்பியும் எத்தனை ஆயிரத்திலொரு அங்குலம் என்ற கணக்கு) அங்கே கொடிக்கயிறு மாதிரி தொளதொளத்தது. அதே கம்பியை 82 ஹெர்ட்ஸிலிருந்து 65-க்கு இறக்கினால் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஓங்கி அடித்தால் சுருதி ஒரு நொடி மேலேறி இறங்கும்.

பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் பேண்டின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி 1971-லேயே மெல்லிய கம்பியைப் போட்டுச் சுருதியை இறக்கினாரே என்று கேட்கலாம். ஆலை விபத்தில் விரல் நுனிகளை இழந்தவர் அவர். அவருக்குத் தளர்வுதான் வேண்டியிருந்தது. வேகமாக ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு வரி) அடிப்பவனுக்கு விறைப்பு வேண்டும்.

என் முன்னே இருந்தவை மூன்று செட். அவற்றில் 10-52 பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மேல் கம்பிகளை வளைத்து சோலோ வாசிப்பவர்களுக்கு நல்லது. டிராப் டி (தடிக் கம்பி இரண்டு கட்டை) வரை தாராளமாகப் போதும். என் போட்டி மற்ற இரண்டுக்கும்தான்: எர்னி பாலின் நாட் ஈவன் ஸ்லிங்கி மாதிரி பூச்சில்லாத 12-56, இல்லையென்றால் எலிக்ஸிர் நானோவெப் மாதிரி பூச்சுள்ள 12-52.

விறைப்பில் 56 ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், அதுவும் கடலை ஒட்டிய பிளஃப் பகுதியில். ஜன்னல் கொக்கியே இரண்டு வருஷம் தாங்காத வீடு. ஜனவரிப் புழுக்கத்தில் பூச்சில்லாத செட் ஒன்றைப் போட்டு, பத்து நாள் கழித்துப் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். மெல்லிய கம்பிகள் ஓடிய இடமெல்லாம் துணியில் செம்பழுப்புக் கோடு. மேலே இன்னொரு கம்பி சுற்றிய தடிக் கம்பிகளில் துரு தெரியாது, ஆனால் சுற்றுக்கு நடுவே வியர்வையும் அழுக்கும் அடைத்துக்கொள்ளும். தாழ்ந்த சுருதியில் அது உடனே காதில் விழும்: டிஸ்டார்ஷனில் கணீரென்று பிரிய வேண்டிய ஒலி கூழாகிவிடும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதியும் ஒட்டாது. இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்புக்காற்றுக்கு எந்த இரும்பும் ஒன்றுதான்.

பூச்சுள்ளது எனக்கு நான்கு மாதம் வருகிறது. விலை இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் அதே நான்கு மாதத்தில் பூச்சில்லாததில் ஆறு ஏழு செட் தீர்த்திருப்பேன். கை முதலில் கொஞ்சம் வழுக்கும். பிக் படும் இடத்தில் பூச்சு நூல் நூலாகப் பிரியும். பார்க்கத்தான் அசிங்கம், ஒலிக்கு ஒன்றுமில்லை. 52 கொஞ்சம் தளர்வாகத் தோன்றினால் 56 ஒன்றை மட்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

எதைப் போட்டாலும் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) பள்ளத்தைத் தடிமனுக்கேற்ப அராவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கம்பி மேலேயே சிக்கிக்கொண்டு, டியூன் செய்யும்போது ‘டிக்’கென்று துள்ளும். கழுத்தின் வளைவையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.

ஏழு கம்பி கிட்டாரோ, 27 அங்குலக் கம்பி நீளமுள்ள பாரிடோன் கிட்டாரோ நான் வைத்திருந்ததில்லை. அதனால் சி-க்குக் கீழே போகிறவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜொகனஸ்பர்க்கில் இருப்பவர்களும்தான். அங்கே மேட்டுநிலத்துக் காய்ந்த காற்றில் என் மச்சான் பூச்சில்லாத 12-56-ஐயே மாதக்கணக்கில் ஓட்டுகிறான். இங்கே வந்தால் மட்டும், வாசித்து முடித்த கையோடு கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவான்.