ஜாவா 8 முதல் 21 வரை: ஃபங்ஷனல் பாணியோடு குடித்தனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரலாக்க மொழியான ஜாவாவில் ஃபங்ஷனல் பாணி (மதிப்புகளை மாற்றாமல், ஃபங்ஷன்களைக் கோத்து எழுதுவது) என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது லேம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்), ஸ்ட்ரீம் (பட்டியலைப் படிப்படியாக மாற்றும் வழி) இரண்டும்தான். பல வருடம் புழங்கிய பிறகு எனக்குப் படுவது வேறு. ஸ்ட்ரீம் இல்லாமல்கூடக் காலம் தள்ளிவிடலாம். ரெக்கார்டும் (உருவானபின் மாறாத தரவுப் பொதி) சீல்டு இன்டர்ஃபேஸும் (இன்னின்ன வகைகள் மட்டும்தான் என்று மூடிய டைப்) இல்லாத கோடுக்குத் திரும்பிப் போகச் சொன்னால் வேறு வேலை தேடுவேன்.

எங்கள் அலுவலகம் சோழிங்கநல்லூர் பக்கம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ், யுபிஐ என்று நான்கு வழியிலும் போகும் பணத்தை அனுப்பி, பதில் வாங்கி, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பின்பக்க வேலை எங்கள் டீமுடையது. எல்லாம் ஜாவாவும், சர்வர் வேலைக்கான ஸ்ப்ரிங் ஃப்ரேம்வொர்க்கும். லேம்டாவைக் கொண்டுவந்த ஜாவா 8, 2014 மார்ச்சில் வெளியானது. எங்களுக்கு அது கைக்கு வரக் கொஞ்ச காலம் ஆனது. வெர்ஷன் மாற்ற க்ளையன்ட் சம்மதிக்க வேண்டுமே. பிறகு 11, 17, இப்போது 21.

ஸ்ட்ரீம் வந்த புதிதில் ஒரு மயக்கம் இருந்தது. மூன்று வரி ஃபார் லூப்பைக்கூட ஸ்ட்ரீமாக மாற்றாதவர் பழைய ஆள் என்ற நினைப்பு. மயக்கம் தெளிந்த பிறகு மிஞ்சியது இதுதான்: பட்டியலை வடிகட்ட, ஒன்றை இன்னொன்றாக மாற்ற, வங்கி வாரியாகக் குழு பிரிக்க ஸ்ட்ரீம் அருமை. முன்பெல்லாம் ஹேஷ்மேப்பை வைத்துக்கொண்டு, இந்தக் கீ இருக்கிறதா, இல்லையென்றால் புது லிஸ்ட் போடு, அப்புறம் அதில் சேர் என்று எழுதிய பத்து வரி, ‘க்ரூப்பிங் பை’ ஒன்றில் முடிந்துபோகிறது.

இதைத் தாண்டினால் வழுக்கல்தான். முக்கியமான தகராறு, ஜாவாவின் செக்டு எக்ஸெப்ஷனுக்கும் (பிடித்தோ அறிவித்தோ ஆக வேண்டும் என்று கம்பைலர் வற்புறுத்தும் பிழை) லேம்டாவுக்கும் ஒத்தே போகாது. ஃபைலைப் படிக்கும் மெத்தட் ஐஓ எக்ஸெப்ஷனை எறியும். ஸ்ட்ரீமின் ‘மேப்’புக்குள் நாம் கொடுக்கும் ஃபங்ஷனுக்கு அதை எறிய அனுமதி இல்லை. உடனே லேம்டாவுக்குள் ஒரு ட்ரை கேட்ச் முளைக்கும். பிடித்ததை ரன்டைம் எக்ஸெப்ஷனில் சுற்றி மறுபடி எறிவார்கள். அழகாக இருக்க வேண்டிய நான்கு வரி அசிங்கமாகிவிடும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ரிவ்யூவில் கேட்டாள்: “அண்ணா, இதுக்கு ஃபார் லூப்பே நீட்டா இருக்குமே?” இருக்கும்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஃபார் லூப்பையே எழுதச் சொல்கிறேன்.

ஸ்ட்ரீமைக் கீ-வேல்யூ மேப்பாக்கும் ‘டூ மேப்’ பற்றி ஒரு வார்த்தை. ஒரே கீ இரண்டு முறை வந்தால் அது ரன்டைமில் எக்ஸெப்ஷன் எறிந்து நிற்கும். இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். பணம் சம்பந்தப்பட்ட வேலையில் எனக்கு இது வரம். சாதாரண ஹேஷ்மேப் ‘புட்’ என்றால் இரண்டாவது வரவு முதல் வரவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போயிருக்கும். அதே ‘டூ மேப்’ நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) வேல்யூ வந்தால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷனோடு விழுவதுதான் எரிச்சல்.

வேலையைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பேரலல் ஸ்ட்ரீமை எங்கள் ப்ராஜெக்டில் தடை செய்தே விட்டோம். அந்த வேலைகள் எல்லாம், மொத்த ஜேவிஎம்முக்கும் (ஜாவா கோடு ஓடும் இயந்திரம்) பொதுவான ஒரே ஃபோர்க் ஜாயின் பூலில் (த்ரெட் குழு) போய் விழுகின்றன. ஒருவர் அதற்குள் வங்கி சர்வரைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் வேலை வரிசையில் நிற்கும். கணக்குப் போடும் வேலைக்குச் சரி. நெட்வொர்க், டேட்டாபேஸ் வேலைக்கு வேண்டாம்.

மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் ஆப்ஷனலைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மெத்தட் திருப்பித் தரும் மதிப்பாக மட்டும் வைத்துக்கொண்டால் நன்றாக உழைக்கிறது. ஃபீல்டாக வைத்தால் தலைவலி. அது சீரியலைசபிள்கூட (பைட்டுகளாக்கிச் சேமிக்கக்கூடியது) இல்லை. ‘ஆர் எல்ஸ்’ஸுக்குள் டேட்டாபேஸ் கால் வைக்காதீர்கள், மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும். அங்கே ‘ஆர் எல்ஸ் கெட்’தான் வேண்டும். கணினி விஞ்ஞானி டோனி ஹோர் 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக நல் ரெஃபரன்ஸைக் கொண்டுவந்ததைப் பிற்பாடு பில்லியன் டாலர் தவறு என்று அவரே சொன்னார். ஆப்ஷனல் வந்தும் ஜாவாவில் அந்தக் கடன் தீரவில்லை. ஆப்ஷனல் என்று டைப் போட்ட மெத்தடே நல்லைத் திருப்பித் தந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது.

சரி, நிஜமான லாபத்துக்கு வருகிறேன்.

எங்கள் பழைய கோடில் ஒரு பரிமாற்றத்தின் முடிவு இப்படி இருந்தது: வெற்றியா என்று ஒரு பூலியன், நிலையைச் சொல்ல ஒரு ஸ்ட்ரிங், காரணத்துக்கு ஒரு ஸ்ட்ரிங், ரெஃபரன்ஸ் எண்ணுக்கு இன்னொன்று. எந்த நிலையில் எந்த ஃபீல்டு நிரம்பியிருக்கும் என்பது கோடில் எங்கும் எழுதப்படவில்லை. டீமில் பழைய ஆட்களின் தலையில் இருந்தது. வெற்றி என்று பூலியன் சொல்லும், பக்கத்திலேயே தோல்விக் காரணம் நிரம்பி இருக்கும். எதை நம்புவது?

ஜாவா 17-க்கு வந்ததும் இதைச் சீல்டு இன்டர்ஃபேஸாக மாற்றினோம். முடிவு என்பது வெற்றி, நிராகரிப்பு, நிலுவை, இந்த மூன்றில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு ரெக்கார்ட். வெற்றியில் ரெஃபரன்ஸ் எண் மட்டும் இருக்கும், நிராகரிப்பில் காரணம் மட்டும் இருக்கும். வெற்றியும் தோல்விக் காரணமும் சேர்ந்த ஒரு பொருளை உருவாக்கவே வழியில்லை. இதற்கு டெஸ்ட் எழுத வேண்டிய அவசியமும் போய்விட்டது.

முழுப் பலன் கிடைத்தது 21-இல். பேட்டர்ன் மேட்சிங்கோடு கூடிய ஸ்விட்ச் (பொருளின் வகையைப் பார்த்துக் கிளை பிரிப்பது) 17-இல் வெள்ளோட்டமாகத்தான் இருந்தது. 2023 செப்டம்பரில் வந்த 21-இல்தான் நிலையானது. அதன்பின் யுபிஐக்கு ‘டீம்டு அப்ரூவ்டு’ என்ற நிலையைத் தனியாகக் கையாள வேண்டி வந்தது. அனுப்புபவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஆனால் பெறுபவரின் வங்கியிடமிருந்து வரவு வைத்ததற்கான பதில் வரவில்லை என்கிற நிலை அது. இதை வெற்றி என்றும் தோல்வி என்றும் அடித்துச் சொல்ல முடியாது. தோல்வி என்று நினைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், பெறுபவருக்கும் பணம் போய்ச் சேர்ந்திருந்தால் யாருக்கு நஷ்டம்? சும்மா விட்டுவிடவும் முடியாது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பெறுபவர் கணக்கில் வரவு வைக்காத யுபிஐ பரிமாற்றத்தை அடுத்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் இழப்பீடு.

பழைய கோடாக இருந்தால், ஸ்ட்ரிங்கைத் தேடி மொத்தக் கோடையும் சலித்திருப்போம், எங்காவது ஒன்று விட்டுப்போயிருக்கும். இப்போது நான்காவது ரெக்கார்டைச் சேர்த்துக் கம்பைல் போட்டதும், முடிவைப் பிரித்துப் பார்க்கும் ஸ்விட்ச் எல்லாம் சிவப்பாக எரிந்தன. வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் இடம், தினசரி ரிப்போர்ட், ரீஃபண்ட், நாங்களே மறந்துபோன ஒரு பழைய ஏற்றுமதி ஃபைல் வரை. கம்பைலர் கையில் பட்டியலைக் கொடுத்துவிட்டது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து, இந்த நிலையில் இங்கே என்ன செய்ய வேண்டும் என்று பிசினஸ் ஆட்களிடம் கேட்டு நிரப்பினோம்.

இது கிடைக்க ஒரே நிபந்தனை: அந்த ஸ்விட்சுகளில் ‘டிஃபால்ட்’ (மற்ற எல்லாவற்றுக்குமான கிளை) இருக்கக் கூடாது. டிஃபால்ட் போட்ட இடத்தில் கம்பைலர் பேசாமல் போய்விடும். ரிவ்யூவில் நான் சண்டை போடும் ஒரே விஷயம் இதுதான். இன்னொரு பொறியும் உண்டு. சீல்டு டைப் ஒரு ஜாரிலும் (கம்பைல் ஆன கோடின் பொதி) ஸ்விட்ச் வேறு ஜாரிலும் இருந்து, முதலாவதை மட்டும் கம்பைல் செய்து ஏற்றினால், புது வகை வந்து விழும்போது ரன்டைமில் ‘மேட்ச் எக்ஸெப்ஷன்’ வரும். அதனால் இரண்டையும் எப்போதும் சேர்த்தே பில்ட் செய்கிறோம்.

ரெக்கார்டிலும் நெளிவு சுளிவுகள் இருக்கின்றன. உருவாகும்போதே சரிபார்க்கிற வசதிதான் எனக்கு மிகப் பிடித்தது. ஆர்டிஜிஎஸ்ஸில் குறைந்தபட்சத் தொகை 2 லட்சம். அந்தச் சரிபார்ப்பை ஆர்டிஜிஎஸ் ரெக்கார்டின் கன்ஸ்ட்ரக்டரிலேயே வைத்துவிட்டால், ஒன்றரை லட்சத்துக்கு ஓர் ஆர்டிஜிஎஸ் பொருள் நம் சிஸ்டத்துக்குள் நடமாடவே முடியாது. அடுத்தடுத்த மெத்தட்கள் மறுபடி மறுபடி சோதிக்க வேண்டியதில்லை.

ஆனால் ரெக்கார்டின் மாறாத்தன்மை மேலோட்டமானது. உள்ளே ஒரு லிஸ்ட் இருந்தால், வெளியே அதை வைத்திருப்பவர் தாராளமாக மாற்றலாம். கன்ஸ்ட்ரக்டரில் ‘லிஸ்ட் காப்பி ஆஃப்’ போட வேண்டும். பணத்தோடு பழகுபவர்களுக்கு இன்னொன்று: ரெக்கார்டின் ஈக்வல்ஸ், பிக் டெசிமலை (தசம எண் டைப்) அதன் சொந்த ஈக்வல்ஸ் கொண்டுதான் ஒப்பிடும். அதற்கு 100.0-உம் 100.00-உம் வேறு வேறு. ரீகன்சிலியேஷனில் (கணக்கு ஒத்துப்பார்க்கும்போது), கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு வரி ஒத்துப்போகவில்லை என்று வந்து நிற்கும். நாங்கள் கன்ஸ்ட்ரக்டரிலேயே இரண்டு தசம இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். பைசாவில் முழு எண்ணாக (லாங்) வைத்திருந்தாலும் தீர்ந்தது.

ஒரு ஃபீல்டை மட்டும் மாற்றி நகலெடுக்க 21-இல் வசதி இல்லை. பன்னிரண்டு ஃபீல்டு உள்ள ரெக்கார்டில் ஒன்றை மாற்ற, பன்னிரண்டையும் எழுத வேண்டும். கையால் ‘வித்’ மெத்தட்கள் எழுதிச் சமாளிக்கிறோம். டேட்டாபேஸ் வரிகளைப் பொருளாக்கும் ஹைபர்நேட் லைப்ரரியின் என்டிடியாகவும் ரெக்கார்டை வைக்க முடியாது. டேட்டாபேஸ் பக்கம் பழைய பாணிக் கிளாஸ், பிசினஸ் பக்கம் ரெக்கார்ட், நடுவில் ஒன்றை மற்றொன்றாக்கும் மேப்பர். இந்த மேப்பர் எழுதும் வேலை அலுப்பு. ஆனாலும் அந்த எல்லைக்கோடு இருப்பதால்தான் டேட்டாபேஸில் உள்ள குப்பை பிசினஸ் பக்கம் வருவதில்லை.

முழு ஃபங்ஷனலாகப் போகும் ஆசையும் ஒரு கட்டத்தில் வந்தது. ஜாவாவுக்கான ஃபங்ஷனல் லைப்ரரியான வாவரைக் கொண்டுவந்து, எக்ஸெப்ஷனே இல்லாமல் எல்லா மெத்தடும் ‘ஈதர்’ (இடப்பக்கம் பிழை அல்லது வலப்பக்கம் விடை) திருப்பித் தரட்டும், ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுக்கும் ஃப்ளாட்மேப்பால் கோத்துக்கொண்டு போகலாம் என்று டீமில் ஒருவர் தொடங்கிவைத்தார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்ப்ரிங்கின் ட்ரான்ஸாக்ஷன் (டேட்டாபேஸில் எல்லாம் எழுது, இல்லையேல் எதுவும் வேண்டாம் என்னும் ஏற்பாடு) அருகே போனதும் பல்லிளித்தது. எக்ஸெப்ஷன் வெளியே வந்தால்தான் ஸ்ப்ரிங் ரோல்பேக் செய்யும், அதாவது எழுதியதைத் திரும்பப் பெறும். ஈதரின் இடப்பக்கத்தில் பிழையைப் போட்டுத் திருப்பினால், அதைப் பொறுத்தவரை மெத்தட் நல்லபடியாக முடிந்துவிட்டது, கமிட் செய்துவிடும். பாதி எழுதிய கணக்கு அப்படியே டேட்டாபேஸில் நிலைத்துவிடும். வாவரின் ‘ட்ரை’ டைப்புக்கு ஸ்ப்ரிங் 5.2 முதல் ஆதரவு இருக்கிறது. ஈதருக்கு இல்லை, நாமே செய்த சீல்டு டைப்புக்கும் இல்லை.

அதனால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். ட்ரான்ஸாக்ஷனுக்கு முன்னால் நடக்கும் சரிபார்ப்பு, முடிவெடுப்பு எல்லாம் டேட்டாபேஸைத் தொடாத சுத்தமான ஃபங்ஷன்கள். அவை சீல்டு முடிவைத் திருப்பித் தரும். ட்ரான்ஸாக்ஷனுக்குள் தப்பு நடந்தால் பழைய எக்ஸெப்ஷன்தான். வாவரைக் கழற்றிவிட்டோம். அதில் லைப்ரரியின் குறை ஒன்றும் இல்லை. ஐடி கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஓஎம்ஆரில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். நோட்டீஸ் கொடுத்தவர் கிளம்புவதற்குள், புதிதாக வந்தவர் கோடைப் படித்துப் பொறுப்பேற்க வேண்டும். காலேஜிலும் கோர்ஸிலும் ஜாவா படித்துவிட்டு வரும் ஃப்ரெஷருக்கு ரெக்கார்டும் ஸ்விட்சும் சீக்கிரம் பிடிபடுகின்றன. ஆறு ஃப்ளாட்மேப் தாண்டி, பக்கம் நிறைய வரும் ஜெனெரிக்ஸ் பிழையை வைத்துக்கொண்டு முழிப்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு, ஜாவாவோடு சேர்ந்து ஓடும் இன்னொரு மொழியான கோட்லினுக்கே போய்விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நல்லைப் பற்றி டைப்பிலேயே சொல்லலாம், டேட்டா கிளாஸில் காப்பி இருக்கிறது, சீல்டு கிளாஸ் 2016-இல் 1.0 வந்தபோதே இருந்தது. புதிதாகத் தொடங்கும் சர்வீஸ் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். ஏற்கெனவே மலைபோல ஜாவா கோடு இருக்கும் எங்கள் டீமுக்கு, இரண்டு மொழியை ஒரே ரெப்போவில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் ஆள் பழக்குவதைவிட 21-இல் இருப்பதே போதுமானதாக இருக்கிறது.