உலுருவுக்குத் தார்ச்சாலையா, மெரீனி மண்சாலையா?

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியை நான்கைந்து நாட்களில் காரில் சுற்ற நினைப்பவர்களுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம், உலுரு என்ற சிவந்த பெரும்பாறை, கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கு மூன்றும் உறுதி. குழப்பம் திரும்பும் வழியில்தான். தார்ச்சாலையிலேயே ஆலிஸுக்குத் திரும்புவதா, கிங்ஸ் கேன்யனிலிருந்து மெரீனி மண்சாலையைப் பிடித்து ஹெர்மன்ஸ்பர்க் வழியாக வட்டமடிப்பதா? நாங்கள் சாதாரண வாடகைக் காரில் தார்ச்சாலையிலேயே போய்வந்தோம். குறுகிய பயணம் என்றால் யாருக்கும் அதையே சொல்வேன்.

உலுருவை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. பாறைக்கு அருகிலுள்ள யுலாரா ஊருக்கு நேராக விமானம் இருக்கிறது.

தூரத்தைப் பார்த்தால் மெரீனி கவர்ச்சியாகத்தான் தெரியும். கிங்ஸ் கேன்யனிலிருந்து ஆலிஸுக்குத் தார்ச்சாலையில் ஏறக்குறைய 470 கிலோமீட்டர். மெரீனி வழியாக 330 அளவில்தான். ஆனால் இந்தக் கேள்வியைத் தீர்த்துவைப்பது வரைபடம் அல்ல, வாடகை ஒப்பந்தம். கையெழுத்திடும் முன் அதை வரிவரியாகப் படியுங்கள். சாதாரண காரை மண்சாலையில் இறக்கினால் காப்பீடு செல்லாது என்பது அந்தப் பகுதியில் பொதுவான நிபந்தனை. ஃபோர் வீல் டிரைவ் எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். மெரீனியின் பெயரைச் சொல்லித் தனி அனுமதி கேட்கும் நிறுவனங்கள் உண்டு. கூடுதல் பணம் கட்டி முழுப் பாதுகாப்பு எடுத்தாலும் டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதம் பல ஒப்பந்தங்களில் அதற்குள் வராது. மண்சாலையில் அடிபடுபவை இவைதான். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் இழுத்துவரும் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். அந்தத் தொலைவில் அது சின்னத் தொகையாக இருக்காது.

தார்ச்சாலைக்கும் நிபந்தனைகள் உண்டு. சூரியன் மறைந்தபின் ஊருக்கு வெளியே ஓட்டக்கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும். கங்காருவும் மாடும் ஒட்டகமும் சாலைக்கு வரும் நேரம் அது. ஜூன், ஜூலையில் மாலை ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். உலுருவின் அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு யுலாராவுக்கு இருட்டில்தானே திரும்ப வேண்டும்? அந்தச் சிறு தூரத்துக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் மட்டும் இலவசம் என்ற வரியையும் தேடுங்கள். மொத்தச் சுற்று 1,200 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால், வாடகை மலிவாகத் தெரிந்த கார் கடைசியில் மலிவாக இருக்காது.

இவ்வளவையும் கணக்கில் எடுத்தபின்னும் தார்ச்சாலைதான் நிம்மதி. ஸ்டூவர்ட் ஹைவேயில் தெற்கே 200 கிலோமீட்டர் போனால் எர்ல்டண்டா. அங்கே பெட்ரோல் நிரப்பிவிட்டு மேற்கே லாசட்டர் ஹைவேயில் திரும்ப வேண்டும். எதிரே ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு 53 மீட்டர் நீளம் வரை இருக்கக்கூடிய லாரி வந்தால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். கடந்துபோகும் நொடியில் காற்று காரை ஒரு பக்கம் தள்ளி, உடனே மறுபக்கம் இழுக்கும். கர்ட்டின் ஸ்பிரிங்ஸுக்கு முன்பே இடப்பக்கம் தட்டையான தலையோடு ஒரு சிவந்த குன்று எழும். உலுரு வந்துவிட்டது என்று காருக்குள் எல்லோரும் கேமராவைத் தேடுவார்கள். அது மவுண்ட் கானர். உலுருவுக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

கிங்ஸ் கேன்யனில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். 36 டிகிரியோ அதற்கு மேலோ வெயில் எதிர்பார்க்கப்படும் நாட்களில், மேல்விளிம்பில் ஆறு கிலோமீட்டர் நடக்கும் பாதையில் காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிட வேண்டும். யுலாராவிலிருந்து 300 கிலோமீட்டரை விடிந்தபின் ஓட்டிவந்து அந்த நேரத்தைப் பிடிக்க முடியாது.

மெரீனியில் நான் ஓட்டியதில்லை. போய்வந்த நண்பர்கள் சொன்னதைத்தான் சொல்ல முடியும்: தனிமையும் நிறமும் அற்புதம், அலையலையான மேடுபள்ளங்களில் பற்கள் கிடுகிடுக்கும். மழை பெய்தால் பாதையை மூடிவிடக்கூடும் என்பதால், விமான டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய சங்கடம்.

மெரீனியை விட்டால் ஆலிஸுக்கு மேற்கே உள்ள மலைகளை இழந்துவிடுவோம் என்ற பயம் மட்டும் வேண்டாம். ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா 1902இல் பிறந்த ஹெர்மன்ஸ்பர்க்குக்கும், ஓர்மிஸ்டன் பள்ளத்தாக்குக்கும் ஆலிஸிலிருந்தே தார்ச்சாலை போகிறது. ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கினால் சாதாரண காரே போதும். கைவிட்டுப்போவது ட்நோராலா விண்கல் பள்ளம் போன்ற சில இடங்கள்தான். அதன் உள்ளே போகும் பாதைக்கு ஃபோர் வீல் டிரைவ் வேண்டும்.

அடிலெய்டிலிருந்தோ டார்வினிலிருந்தோ சொந்த ஃபோர் வீல் டிரைவில் வருபவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. நல்ல ஸ்டெப்னியும் தாராளமான தண்ணீரும் கைவசம் ஒரு வாரமும் இருந்தால் அவர்கள் மெரீனியிலேயே போகலாம். பூர்வகுடி மக்களின் நிலத்தின் வழியே போகும் பாதை என்பதால் அனுமதிச் சீட்டு கட்டாயம். ஆலிஸின் சுற்றுலாத் தகவல் மையத்தில் அதை வாங்கிக்கொள்ளலாம்.