நான்கு ஆண்டும் மூன்று விளக்கும்

பாளையங்கோட்டை வீட்டில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரத்தில் ஒரு நன்னீர் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். மணலும் கல்லும் போக 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நான்கு ஆண்டில் அதன் மேல் மூன்று விளக்குகள் மாறிவிட்டன. முதல் இரண்டுக்கும் கொடுத்த காசு தண்டம்.

முதலாவது, தொட்டியோடு சேர்த்துக் கடைக்காரர் தலையில் கட்டிய நீல விளக்கு. "மீனுக்கு இதுதான் எடுப்பு" என்றார். நீலம் தூக்கலான விளக்கு கடல்நீர்த் தொட்டியில் பவளங்களுக்குப் போடுவது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதன் கீழே என் ஆரஞ்சு நிறக் கப்பி மீன்கள் சாம்பல் பூசியவைபோலத் தெரிந்தன.

இரண்டாவது, 24 வாட் எல்.இ.டி., நிற அளவு 6500 கெல்வின். நிறத்தில் குறை சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை. மீனின் சிவப்பும் செடியின் பச்சையும் உள்ளபடி தெரியும். கோட்டை விட்டது அளவில். வாட்டை மட்டும் பார்த்தேன், எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும் லூமனைப் பார்க்கவில்லை. அட்டையில் 2,400 லூமன் என்று போட்டிருந்தது. லிட்டருக்கு 40! கார்பன் டை ஆக்சைடு செலுத்திச் செடி வளர்ப்பவர்களுக்கான வெளிச்சம் அது. என்னிடம் இருந்தவையோ அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். நிழலிலேயே பிழைத்துக்கொள்ளும் செடிகள். போதாததற்குக் காலை 8 மணிக்குப் போட்ட விளக்கை இரவு 11 மணிக்குத்தான் அணைப்பேன். மூன்றாவது வாரம் அனுபியாஸ் இலை விளிம்பில் கரும்பச்சையாக மயிர் முளைத்ததுபோல் பாசி. விரலால் வழித்தால் வரவில்லை. இலையையே கிள்ள வேண்டியதாயிற்று.

"விடிய விடிய வெளிச்சம் போட்டால் அதுகள் எப்போது ஐயா உறங்கும்?" என்று ஆச்சி கேட்டாள். இமை இல்லாத மீனுக்கு இருட்டினால்தான் ஓய்வு. நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

இப்போது இருப்பது 12 வாட், 1,200 லூமன். இரண்டரை ஆண்டாக மாலை 3 மணி முதல் இரவு 10 மணி வரை எரிகிறது. வேலை முடிந்து வந்து தொட்டி முன்னால் உட்காரும் நேரம் அதுதான். மாதத்துக்கு இரண்டரை யூனிட் ஆகும். பாசி அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தால் போதும்.

விளக்கை நேரத்துக்குத் தானாகப் போட்டு அணைக்கும் டைமர் விஷயத்தில் ஏமாந்தேன். பல் பல்லாக இருக்கும் சுழல் டைமர், மின்சாரம் போனால் அப்படியே நின்றுவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் 30 மணி நேரம் மின்சாரம் இல்லை. வந்த பிறகு விளக்கு இரவு 9 மணிக்கு எரியத் தொடங்கி விடியற்காலை 4 மணிக்கு அணைந்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து வந்து தங்கிய அத்தை வீட்டாரைக் கவனித்ததில் நான்கு நாள் இது கண்ணில் படவே இல்லை. இப்போது உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்.

சென்ற ஆண்டு செடிகள் வளராமல் நின்றன. விளக்குக்கு வயதாகிவிட்டது என்று புதியது வாங்கக் கிளம்பிவிட்டேன். தற்செயலாக மூடிக் கண்ணாடியை நகத்தால் சுரண்டினால், நகக்கண் நிறைய வெள்ளைப் பொடி! ஆழ்துளைக் கிணற்று நீர் தெறித்துக் காய்ந்த உப்பு. வினிகரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போட்டுவைத்துத் துடைத்தேன். அன்று மாலையே பழைய வெளிச்சம் திரும்பிவிட்டது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு.

மேற்கு ஜன்னல் வெயில் எந்த டைமருக்கும் அடங்காது; திரை போட்டுவிட்டேன். விளக்கின் ஒயரைச் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். ஒழுகும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இந்த விளக்கிலும் குறை உண்டு. ஓரத்து ரப்பர் மூடி வெடித்து ஈரம் புகுந்ததில், இடது பக்கம் மூன்று எல்.இ.டி. மணிகள் எரிவதில்லை. அந்த மூலைக்கு ஜாவா ஃபெர்னை நகர்த்தி வைத்தேன். பழைய இடத்தில் இருந்ததைவிட அங்கே செழிப்பாக இருக்கிறது.