தராசு தங்கம், அதன் சீரியல் போர்ட்தான் பாடாய்ப் படுத்துகிறது

"அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே தராசு இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று பலதுறைத் தொழிற்கல்லூரி லேபில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரம், எங்கள் தராசுக்கு வருடாந்தரக் கேலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) அப்போதுதான் முடிந்திருந்தது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எடை போடுவதில் இந்தத் தராசைக் குறை சொல்லவே முடியாது. நாலு தசம இடம் காட்டும் தராசுக்கு ஏர்கான் காற்று பெரிய எதிரி. எங்கள் லேபில் ஏர்கான் நேராக மேசைமேல்தான் அடிக்கிறது. கண்ணாடிக் கதவை மூடினால் போதும், எண் சட்டென்று நின்றுவிடும். மசாலாத் தூளில் ஈரப்பதம் பார்க்க, 105 டிகிரியில் உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை போடுகிறோம். பல வருடமாகியும் அதன் எடையைச் சந்தேகப்பட வேண்டிய நிலை வந்ததில்லை.

அந்த எடையைக் கையால் எழுதாமல் நேராகப் பதிவேட்டில் ஏற்றத்தான் ஈஎஸ்பி32 (நிரல் ஓட்டும் சின்ன போர்டு) ஒன்றை இணைத்தேன். தராசின் பின்னால் இருப்பது 9 முள் ஆர்.எஸ்.232 சீரியல் போர்ட், அதாவது தகவலை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் வாய். 1960இல் வந்த தரம் அது. சும்மா இருக்கும்போது அதன் அனுப்பும் கம்பியில் மைனஸ் வோல்ட் நிற்கும், ஈஎஸ்பி32க்கோ 3.3 வோல்ட்தான் தெரியும். நேராகச் செருகினால் சிப் போய்விடும். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போனால், இடையில் நின்று வோல்ட்டை மாற்றித்தரும் மேக்ஸ்3232 போர்டு கிடைக்கும். பழைய மேக்ஸ்232 வேண்டாம், அதற்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும். எந்த முள்ளில் தராசு அனுப்புகிறது என்று குழப்பமாக இருந்தால், மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 5ஆம் முள்ளில் வைத்து, சிவப்பால் 2ஐயும் 3ஐயும் தொட்டுப் பாருங்கள். எதில் நிலையாக மைனஸ் 5 வோல்ட்டோ அதற்கும் கீழேயோ காட்டுகிறதோ, அதுதான். எல்லாம் சரியாக இருந்தும் தராசு வாயே திறக்கவில்லையென்றால், தராசுப் பக்கத்தில் 7ஐயும் 8ஐயும் சேர்த்துவிடுங்கள். அனுமதிக்காகக் காத்திருக்கும், பாவம்.

இதெல்லாம் ஒரு மதிய வேலை. தொல்லை அதற்கப்புறம்தான்.

சர்வீஸுக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுத்தான் கேலிபிரேஷனைத் தொடங்குவார். அவர்மேல் தப்பில்லை, அது அவர்கள் நடைமுறை. ஆனால் இந்தத் தராசில் எடைக்கான அமைப்பும் சீரியல் அமைப்பும் ஒரே ரீசெட்டில் அழிகின்றன. பக்கத்து மேசைக் கணினியின் மென்பொருளுக்காக நாங்கள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்திருப்போம். ரீசெட்டுக்குப் பிறகு அது 7 பிட், ஈவன் பாரிட்டி ஆகிவிடும். பாரிட்டி என்பது பிழை பிடிக்க ஒவ்வோர் எழுத்தோடும் சேர்க்கும் ஒரு பிட்; ஈவன் என்றால் மொத்த 1கள் இரட்டைப்படையாகும்படி அது எழும். வேகம் மட்டும் 9600இலேயே நிற்கும். வேகமும் மாறியிருந்தால் நல்லது, எல்லாமே குப்பையாக வந்து யாராயினும் உடனே அமைப்பைத்தான் பார்ப்பார்கள். இப்போது நடப்பது வேறு. 7 பிட்டோடு பாரிட்டியும் சேர்ந்து 8 ஆகிவிடுவதால் ஈஎஸ்பி32 எதையும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது. 0, 3, 5, 6, 9 இந்த ஐந்தும் சுத்தமாக வரும். 1, 2, 4, 7, 8 ஐந்திலும் பாரிட்டி பிட் எழுந்து நிற்பதால் 128 கூடிவிடும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகத்தான் கம்பியில் போகிறது; 49 என்று வரவேண்டிய "1", 177 என்று வரும். ஆக, தட்டில் 5.3069 கிராம் இருந்தால் எண்ணில் ஒரு குறையும் தெரியாது. 12.4781 வைத்தால் புள்ளி மட்டும்தான் மிஞ்சும்.

பார்ப்பவருக்கு இது லூஸ் கனெக்‌ஷன் மாதிரியே இருக்கும். இந்த முறையும் என்னோடு வேலை செய்பவர் கேபிளை மாற்றி, மேக்ஸ்3232 போர்டையும் மாற்றி, ஒரு நாள் முழுக்க வீணாக்கினார். வரிமுடிவுக் குறி 13 கூட 141ஆகத்தான் வருகிறது. 13க்காகக் காத்திருக்கும் நிரல் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அதையடுத்து வரும் புதுவரிக் குறி 10க்காகக் காத்திருந்தால் தப்பிக்கலாம், அதில் பாரிட்டி பிட் எழாது.

128ஐக் கூட்டும் அந்த மேல் பிட்டை அழித்துவிட்டால் எண்கள் சரியாகிவிடும்தான். அது பாதித் தீர்வு. நாம் எடை கேட்டு அனுப்பும் கட்டளையில் பாரிட்டி தப்பாக இருந்தால் தராசு அந்தக் கட்டளையை ஏற்காது; ஆள் போய் பிரிண்ட் பட்டனை அழுத்த வேண்டும். இப்போது 127க்கு மேல் ஓர் எழுத்து வந்தாலே 7 பிட், ஈவன் பாரிட்டிக்குத் தானாக மாறிக்கொள்ளும்படி நிரலைத் திருத்திவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்தக் கணினி மென்பொருளை நான் திருத்த முடியாது. அதற்காக மறுபடியும் மெனுவுக்குள் போக வேண்டும். அங்கே பெயர் எதுவும் கிடையாது, வெறும் குறியீட்டு எண்கள். கையேட்டின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. ரீசெட் செய்தால் இதுவும் போகும் என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை பேருடைய நேரம் மிச்சமாகியிருக்கும்! இவ்வளவு நுணுக்கமாக எடை போடும் பெட்டியைச் செய்தவர்களுக்கு, அந்த எடை வெளியே போகும் வழி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆக, தம்பி, வாங்காதீர்கள். இதைவிட அமைதியான தராசை நான் பார்த்ததில்லை என்பதும் உண்மைதான், இருந்தாலும் வேண்டாம். விலையைப் பார்த்து மனசு கேட்கவில்லையென்றால், காசு கொடுப்பதற்கு முன் விற்பவரை உங்கள் கண்முன்னே ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பிறகு 12.4781 மாதிரி ஓர் எடையை வைத்து, உங்கள் போர்டில் என்ன வந்து விழுகிறது என்று பாருங்கள்.